ஆய்வு சொல்வதை நம்பி வகுப்பை மாற்றலாமா? ஆசிரியர்களும் எம்.எட். மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வியியல் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பதால், பயிற்சிக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வரும் கேள்விகள் எல்லாம் என்னிடம் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. சுற்றிச் சுற்றி ஒரே கவலைதான். ஆய்வு தப்பாக இருந்து நாம் நம்பிவிட்டால் என்ன ஆகும்? சரியாக இருந்து நாம் விட்டுவிட்டால் என்ன ஆகும்? சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஓர் ஆய்வு “பலன் உண்டு” என்று முடிந்தால், அதை வகுப்பில் செய்துவிடலாமா?

எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை ஐந்து நிமிடம் எழுதவைப்பது என்றால், நாளைக்கே செய்து பாருங்கள். தப்பாகப் போனால் ஐந்து நிமிடம் வீண், அவ்வளவுதான். ஒரு பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் நிறுத்திவைப்பது, ஊர்ப் பள்ளியை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைப்பது என்றால், பத்து ஆய்வு கையில் இருந்தாலும் நான் இன்னொரு தடவை யோசிப்பேன். அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் திரும்பி வராது.

தப்பினால் என்ன போகும், போனதை மீட்க முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்குத் தக்க ஆதாரம் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. நம் ஆய்வேடுகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு வித்தியாசம் வர 5%க்கு (0.05) மேல் வாய்ப்பில்லை என்று வந்ததா, இல்லையா என்பதோடு கதை முடிந்துவிடுகிறது.

முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். நடைமுறையில் அது என்ன?

கத்திரிக்காய் பொறுக்குவதுதான். சொத்தையை நல்லது என்று பையில் போட்டுக்கொள்வது முதல் வகை. நல்ல காயைச் சொத்தை என்று கூடையிலேயே விட்டுவிட்டு வருவது இரண்டாம் வகை. வீட்டுக்கு வந்து நறுக்கும்போது முதல் தப்பு தெரிந்துவிடும். இரண்டாவது கடைசிவரை தெரியாது, ஏனென்றால் விட்டுவிட்டு வந்த காயை யாரும் நறுக்கிப் பார்ப்பதில்லை. கல்வியிலும் இதே கதைதான். பலனில்லாத திட்டத்தைக் கொண்டுவந்தால் நாலு பேர் திட்டுவார்கள். பலன் தந்திருக்கக்கூடிய ஒன்றைக் கொண்டுவராமல் விட்டதற்காக யாரும் யாரையும் திட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த 5% எங்கிருந்து வந்தது? கணிதத்தில் நிரூபணம் ஏதாவது இருக்கிறதா?

நிரூபணம் எதுவும் இல்லை. ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வயல் சோதனைகளின் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். 1925இல் வெளியிட்ட புள்ளியியல் நூலில், இருபதில் ஒன்று என்ற எல்லையை வைத்துக்கொள்வது வசதி என்று எழுதினார். வசதி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பயிருக்கு எரு போட்ட கணக்கில் பிறந்த எண், நூறு வருடம் கழித்து நம் எட்டாம் வகுப்பு ஆய்வேட்டில் உட்கார்ந்திருக்கிறது.

80% என்ற இன்னொரு எண்ணும் உண்டு. உண்மையில் பலன் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கு 80% வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்பது உளவியலாளர் ஜேக்கப் கோஹென் முன்வைத்த வழக்கம். திருப்பிப் பார்த்தால், இருக்கிற பலனை 20% தவறவிடலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். 5%க்கு எதிரே 20%. அதாவது இல்லாததை இருக்கிறது என்று சொல்வது, இருப்பதை இல்லை என்று சொல்வதைவிட நாலு மடங்கு மோசம். கோஹென் இந்த நாலுக்கு ஒன்றை வெளிப்படையாகவே சொன்னார். இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அவர் கருத்துதான். அதை யாரும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. பைசா செலவில்லாத வகுப்பறைப் பழக்கத்துக்கும் கோடிக்கணக்கில் செலவாகும் திட்டத்துக்கும் ஒரே தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

என் எம்.எட். ஆய்வில் 60 மாணவர்கள். அது போதாதா?

இந்தக் கேள்வி வந்தால் நான் பேனாவை எடுத்துவிடுவேன். 50 மதிப்பெண் தேர்வு, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 10 என்று வைத்துக்கொள்வோம். புதுமுறையில் படிக்கும் சோதனைக் குழுவில் 30 பேர், ஒப்பிடுவதற்காகப் பழைய முறையிலேயே படிக்கும் கட்டுப்பாட்டுக் குழுவில் 30 பேர். இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை, அதாவது தற்செயலாகவே அது ஆடக்கூடிய அளவு, ஏறத்தாழ 2.6 வரும். இதைப் போல இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். ஆக, வித்தியாசம் 5 மதிப்பெண்ணைத் தாண்டினால்தான் 0.05 கிடைக்கும்.

இப்போது, உங்கள் முறைக்கு உண்மையிலேயே 2 மதிப்பெண் பலன் இருக்கிறது என்று வையுங்கள். திட்ட விலக்கத்தில் 0.2. பள்ளிக்கூடத்தில் இது நல்ல பலன். ஆனால் 60 பேரை வைத்துப் பார்த்தால், எட்டுத் தடவை செய்தால் ஒரு தடவைதான் அது கண்ணில் படும். அந்த ஒரு தடவையும் 5 மதிப்பெண்ணுக்கு மேல் என்று, உண்மையைப் போல இரண்டரை மடங்காகத்தான் தெரியும். ஏனென்றால் அதற்குக் குறைவாக வந்தால் 0.05 கிடைக்காது! சின்ன ஆய்வில் பலன் தெரிந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அதைப் பாதியாகக் குறைத்துப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

0.2 பலனை 80% வாய்ப்போடு பிடிக்க வேண்டுமானால், குழுவுக்கு ஏறத்தாழ 400 பேர் வேண்டும். அதுவும் மாணவர்களைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரித்தால். ‘அ’ பிரிவைச் சோதனைக் குழு, ‘ஆ’ பிரிவைக் கட்டுப்பாட்டுக் குழு என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் உங்களிடம் இருப்பது 60 பேர் இல்லை, இரண்டு வகுப்புகள். என் சொந்த ஆய்வேடே அப்படித்தான் இருந்தது. ‘அ’ பிரிவுக்குக் காலை முதல் பாடவேளை, ‘ஆ’ பிரிவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பிள்ளைகள் கொட்டாவி விட்டதைக் கணக்கில் எடுத்தேனா? இல்லை. 0.01 அளவில் பொருளுடையது என்று தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன், பட்டமும் வந்துவிட்டது.

வகுப்பில் எண்ணிக்கையைக் குறைத்தால் பலன் உண்டு என்பது நிரூபிக்கப்பட்டதுதானே? அரசு ஏன் செய்வதில்லை?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். பலன், பிழை இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் ஸ்டார் என்ற சோதனையைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் 79 பள்ளிகள். ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் மழலையர் வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பு, அதே வழக்கமான வகுப்போடு ஓர் உதவியாளர். ஆசிரியர்களையும் குலுக்கித்தான் போட்டார்கள். மூன்றாம் வகுப்பு வரை நான்கு ஆண்டு நடந்தது. மொத்தம் ஏறத்தாழ 11,600 பிள்ளைகள். கல்வியில் இவ்வளவு பெரிய குலுக்கல் சோதனை அதற்கு முன் அபூர்வம்.

சிறிய வகுப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 0.2 திட்ட விலக்கம் முன்னே இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். உதவியாளர் போட்டதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. குறைகளும் இருந்தன. தொடக்கத் தேர்வு வைக்கவில்லை, இடையில் நிறையப் பிள்ளைகள் பள்ளி மாறிப் போனார்கள், சில பெற்றோர் பேசிப் பிள்ளையைச் சிறிய வகுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். (பெற்றோர் எந்த ஊரிலும் பெற்றோர்தான்.) பொருளியலாளர் ஆலன் க்ரூகர் 1999இல் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துத் திரும்பப் பார்த்தார். முடிவு நின்றது. பிற்காலத்தில் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களின் விகிதம்கூடச் சிறிய வகுப்புப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்தது. ஆக, ஆய்வு நல்ல ஆய்வு.

அப்புறம் கலிஃபோர்னியா. 1996 ஜூலையில், மழலையர் முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு வகுப்புக்கு 20 பேருக்கு மேல் வைக்காத பள்ளிகளுக்குப் பிள்ளைக்கு 650 டாலர் என்று சட்டம் போட்டார்கள். அதுவரை சராசரி 30ஐ ஒட்டி இருந்தது. ஜூலையில் சட்டம், சில வாரங்களில் பள்ளி திறப்பு. திடீரென்று ஆயிரக்கணக்கான வகுப்பறை வேண்டும், ஆயிரக்கணக்கான ஆசிரியர் வேண்டும். நூலகமும் கணினி அறையும் வகுப்பறை ஆயின. வசதியான புறநகர்ப் பள்ளிகளில் இடம் காலியானதும், ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இருந்த அனுபவசாலிகள் அங்கே போய்விட்டார்கள். அந்த இடங்களை நிரப்பப் புதியவர்களைத்தான் எடுக்க முடிந்தது. முழுத் தகுதிச் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்கள் கீழ் வகுப்புகளில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள், சில ஆண்டுகளில் 10 சதவீதத்தைத் தாண்டினார்கள். பிற்பாடு இரண்டு பொருளியலாளர்கள் கணக்குப் போட்டபோது, எண்ணிக்கை குறைந்ததால் மதிப்பெண் ஏறியது உண்மை, ஆனால் அனுபவமில்லாத ஆசிரியர்கள் வந்ததில் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி கரைந்தது என்று கண்டார்கள். ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் கரைந்தது அதிகம். டென்னசியில் யாருக்கு அதிகப் பலன் கிடைத்ததோ, அவர்களுக்கே இங்கே அடி.

ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. மாநிலம் முழுக்க ஒரே மூச்சில் செய்ததால் ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லை. மதிப்பிட நியமித்த குழு 2002இல் கடைசி அறிக்கை தந்தபோது, மதிப்பெண் ஏற்றத்துக்கு இதுதான் காரணமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் எழுத முடிந்தது. 0.05 தேர்வில் டென்னசி ஆய்வு கச்சிதமாகத் தேறியிருந்தது. அந்த ஆய்வில் இல்லாத ஒரு கேள்வியில்தான் கலிஃபோர்னியா சறுக்கியது: அத்தனை நல்ல ஆசிரியர்களுக்கு எங்கே போவது? டென்னசியில் சில நூறு ஆசிரியர்கள் போதுமாக இருந்தார்கள்.

நம் நாட்டில் இதே பலன் கிடைக்குமா?

வதோதராவிலும் மும்பையிலும் பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை, அந்தப் பகுதியிலேயே வசிக்கும் ஓர் இளம்பெண் நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து, எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் குலுக்கல் முறையில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். பள்ளிச் சராசரி முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கம் ஏறியது.

நான் ரசித்த இடம் வேறு. அந்தப் பிள்ளைகள் வெளியே போன இரண்டு மணி நேரம், மிச்சமிருந்தவர்களுக்கு வகுப்பு சிறியதாகிவிட்டது அல்லவா? அவர்களுக்குச் சொல்லும்படி எந்த ஏற்றமும் இல்லை. ஆசிரியர் 40 பேருக்கு நடத்திய அதே விதத்தில் 20 பேருக்கும் நடத்தினால் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது? அமெரிக்கச் சிறிய வகுப்பு ஆய்வை அச்சடித்து எடுத்துக்கொண்டு இங்கே வருபவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, ஏற்றம் 0.1 அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது.

மாநிலத்தில் முதலிடம் பிடிக்கும் பள்ளிகளில் பல சிறிய பள்ளிகள். அப்படியானால் சிறிய பள்ளிதான் நல்லதா?

கடைசி இடங்களையும் போய்ப் பாருங்கள், அங்கேயும் சிறிய பள்ளிகள்தான் இருக்கும். பென்சில்வேனியாவில் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு வாசிப்பு மதிப்பெண்களைப் புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னரும் இன்னொருவரும் அலசினார்கள். முதல் 50 இடங்களில், மாநிலத்தின் மிகச் சிறிய 50 பள்ளிகளில் இருந்து 6 பள்ளிகள். ஆகா என்றிருக்கும். கடைசி 50 இடங்களில் 9.

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் 8 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தேர்ச்சி 87.5%. வராவிட்டால் 100%, பத்திரிகையில் படம், பாராட்டு விழா. 300 பேர் எழுதும் பள்ளிக்கு இரண்டும் கிடையாது. ஆள் குறைந்தால் சராசரி துள்ளும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பெரிய பள்ளிகளைச் சிறியதாக உடைக்கக் கேட்ஸ் அறக்கட்டளை நூறு கோடி டாலருக்கு மேல் கொட்டியதன் பின்னால் இப்படிப்பட்ட வாதங்களும் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், நியூயார்க் நகரத்தில் திறந்த சிறிய உயர்நிலைப் பள்ளிகளைப் பின்னால் குலுக்கல் சேர்க்கையை வைத்து ஒழுங்காக ஆராய்ந்தபோது, படிப்பை முடிக்கும் பிள்ளைகளின் விகிதம் உண்மையிலேயே ஏறியிருந்தது. தப்பான காரணத்துக்காகப் போய்ச் சரியான ஊரில் இறங்குவதும் நடக்கத்தான் செய்கிறது.

மெல்லக் கற்கும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பு வகுப்பு எடுத்தேன். சராசரி 12இலிருந்து 17 ஆனது. இதற்கும் சந்தேகமா?

வகுப்பு எடுத்ததற்கு வாழ்த்து. ஆனால் அந்த 5 மதிப்பெண் முழுவதும் உங்களுடையது இல்லை. முதல் தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேரை எடுத்தீர்கள். அதில் சிலர் எப்போதும் அப்படித்தான் வாங்குவார்கள். சிலர் அன்றைக்கு மட்டும் விழுந்தவர்கள்: தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் இரவு முழுக்க விழித்திருந்தவள், பேனா தீர்ந்துபோனவன், மூன்றாம் பக்கத்தைத் திருப்பவே மறந்தவன். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் மறு தேர்வு வைத்திருந்தாலும் இவர்கள் ஏறியிருப்பார்கள். முதல் பத்து இடம் பிடித்தவர்களில் சிலர் இறங்கியிருப்பார்கள்.

அதே போன்ற இன்னும் பத்துப் பேர் சிறப்பு வகுப்பு இல்லாமல் எவ்வளவு ஏறினார்கள் என்று பாருங்கள். அவர்கள் 12இலிருந்து 15க்கு வந்திருந்தால் உங்கள் பங்கு 2. அந்த இரண்டும் நல்ல மதிப்பெண்தான், ஆய்வேட்டில் எழுதத்தான் மனசு வராது.

பல பள்ளிகளின் புள்ளிவிவரத்தை வைத்து ஒப்பிட்டாலே போதாதா? குலுக்கல் சோதனை எல்லாம் எதற்கு?

சில சமயம் போதும், சில சமயம் காலை வாரிவிடும். மேற்குக் கென்யாவில் பள்ளிகளுக்கு விளக்கப் படச் சுருள்கள் கொடுப்பதைப் பற்றி இரண்டு விதமாகவும் பார்த்தார்கள். சுருள் உள்ள பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் வழக்கமான முறையில் ஒப்பிட்டபோது, 0.2 திட்ட விலக்கம் வரை பலன் தெரிந்தது. பிறகு 178 பள்ளிகளில் பாதியை மட்டும் குலுக்கித் தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் ஏறத்தாழ பூஜ்யம்.

காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எந்தப் பள்ளியில் சுவர் நிறையப் படம் தொங்குகிறதோ, அங்கே அக்கறையான தலைமையாசிரியர் ஒருவர் இருப்பார், கேட்டு வாங்கிவரும் பெற்றோர் இருப்பார்கள். மதிப்பெண் அவர்களால் வந்தது, பேரைப் படம் தட்டிக்கொண்டு போனது.

பலன் 0.1 திட்ட விலக்கம் என்று ஆய்வு சொன்னால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று பாடநூலில் படித்திருப்போம். வேறு வழி இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்ளும்படி கோஹென் தந்த எண்கள் அவை, உளவியல் கூடத்துச் சோதனைகளைப் பார்த்துச் சொன்னவை. பள்ளிக்கூடம் அப்படி இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த 141 பெரிய குலுக்கல் சோதனைகளை 2019இல் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் பலன் 0.06தான். நம்பக இடைவெளியின், அதாவது உண்மைப் பலன் இதற்குள் இருக்கலாம் என்று ஆய்வு தரும் எல்லையின், சராசரி அகலம் 0.30. வெளிச்சத்தைவிட நிழல் ஐந்து மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் 700க்கும் மேற்பட்ட சோதனைகளைப் பார்த்துவிட்டு, 0.2ஐத் தொட்டாலே பெரிய பலன் என்று சொல்லலாம், அதையும் செலவோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று 2020இல் எழுதினார்.

செலவு என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ‘முயன்றால் அறிவு வளரும்’ என்ற எண்ணத்தை ஊட்டும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பின்தங்கியவர்களின் கிரேடு, 4 புள்ளி அளவில் 0.1 புள்ளி ஏறியது. ஒரு மணி நேரத்துக்கு 0.1 கொள்ளை லாபம். அதே பலனுக்கு வருடம் முழுக்கத் தினம் இரண்டு மணி நேரம் என்றால், நான் வேறு கடை பார்ப்பேன்.

பாடம் நடத்தியதும் தேர்வு வைத்தால் பலன் தெரியவில்லை. முறையைக் கைவிட்டுவிடலாமா?

எப்போது அளந்தீர்கள்? உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை கையடக்கமானது. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பவும் படிப்பது, இன்னொன்றைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்த பத்திதான் அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்த பத்தியில் 56% நினைவில் இருந்தது, திரும்பப் படித்ததில் 42%. அன்றைக்கே அளந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், நல்ல முறையைத் தோற்றது என்று எழுதியிருப்போம். கத்திரிக்காய்க் கூடையில் விட்டுவந்த காய் இதுதான்.

மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிக்கச் சொல்கிறார்கள். தப்பானாலும் கெடுதல் இல்லையே?

இருக்கிறது. பிரித்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூவரும் 2008இலேயே அலசிச் சொல்லிவிட்டார்கள். “நான் கேட்டுக் கற்பவன், வரைபடம் எனக்கு வராது” என்று ஒரு பையன் அட்லஸை மூடிவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டம் அவனுக்கு நாம் கொடுத்தது.

ஆதாரம் வரும்வரை காத்திருக்க முடியாத நேரத்தில் என்ன செய்வது?

கொரோனாவில் அதுதான் நடந்தது. பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, அந்தத் திட்டத்துக்கென்று குலுக்கல் சோதனை எதுவும் கையில் இல்லை. மாலை நேரத்தில், தெருவிலேயே, தன்னார்வலர் ஒருவர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பலன் தராவிட்டால் என்ன போயிருக்கும்? பணம், பிள்ளைகளின் சாயங்கால விளையாட்டு நேரம். செய்யாமல் விட்டிருந்தால்? எழுத்துக் கூட்டத் தெரியாமல் நான்காம் வகுப்புக்கு வந்து உட்காரும் பிள்ளைகள். அந்தத் தராசில் அரசு செய்தது சரி என்றே நினைக்கிறேன். பால்சகி போன்ற பழைய சோதனைகள் இதே திசையைக் காட்டியதும் ஒரு துணை.

நல்லவேளையாக, கிராமப்புறத் தமிழ்நாட்டில் 2019இலேயே கணக்கெடுத்து வைத்திருந்த பிள்ளைகளை அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். 2021 டிசம்பரில் கணக்கில் ஏறத்தாழ 0.7, மொழியில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் மதிப்பீடு. மிச்சம் முக்கால் பங்கு? பெரும்பாலும் பள்ளி திறந்தது. மேடையில் கால் பங்கை முழுப் பங்காகப் பேசுபவர்களும் உண்டு, கால்தானே என்று உதட்டைப் பிதுக்குபவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் அறிக்கையைப் படிக்கவில்லை.

ஓர் ஆய்வைத் திரும்பச் செய்து சரிபார்ப்பதில்லையா?

முன்னணிக் கல்வி இதழ்கள் 100இல் வந்த கட்டுரைகளை 2014இல் இருவர் எண்ணிப் பார்த்தார்கள். திரும்பச் செய்து பார்த்தவை 0.13%. ஆயிரத்தில் ஒன்று, கொசுறாகக் கொஞ்சம். “இது ஏற்கெனவே செய்த தலைப்பு” என்று மாணவர்களைத் திருப்பி அனுப்புகிறோமே, அதன் விளைவுதான். என்னிடம் வருபவர்களைப் பழைய ஆய்வு ஒன்றைத் திரும்பச் செய்யச் சொல்கிறேன். பாதிப் பேர் வேறு வழிகாட்டியிடம் போய்விடுகிறார்கள்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கு நல்லதைக் கொடுக்காமல் வைப்பது அநியாயம் இல்லையா?

நல்லது என்று உறுதியாகத் தெரிந்தால் அநியாயம்தான். தெரியாததால்தானே சோதனை. தவிர, எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணமும் ஆளும் பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் ஆண்டு எந்தப் பள்ளிகள், இரண்டாம் ஆண்டு எந்தப் பள்ளிகள் என்று எப்படியும் யாரோ முடிவு செய்கிறார்கள். சிபாரிசு செய்யும் அந்த வேலையைச் சீட்டுக் குலுக்கல் செய்துவிட்டுப் போகட்டும். முதல் ஆண்டு காத்திருக்கும் பள்ளிகளே ஒப்பீட்டுக் குழு. கலிஃபோர்னியா இதைச் செய்திருந்தால், ஆசிரியர் பற்றாக்குறை முதல் வருடமே தெரிந்திருக்கும்.

சோதனையை யார் நடத்தினார்கள் என்றும் பாருங்கள். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தை ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் ஏறியது. அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் ஒன்றும் ஏறவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் புதுமுறை ஒன்றை ஜூனில் தொடங்கச் சொல்கிறார். என்ன கேட்பது?

முதலில், எது நடந்தால் இதை நிறுத்துவோம் என்று கேளுங்கள். அரையாண்டுத் தேர்வில் எவ்வளவுக்குக் கீழே போனால், எத்தனை பிள்ளைகள் வாசிக்கத் திணறினால் என்று ஜூனிலேயே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் எழுத உட்கார்ந்தால் கை அவரவர் ஆசைப்பட்ட எண்ணைத்தான் எழுதும். அப்புறம், இரண்டு பிரிவு இருந்தால் எந்தப் பிரிவில் தொடங்குவது என்பதற்கு நாணயத்தைச் சுண்டுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எந்தப் பிரிவுக்குப் பாடம் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.